வரைந்த சாளரம்

கப்பலுக்குச் சாளரம் எதற்கு? கடலைக் காண்பதற்கு என்பீர். அன்று, ஆட்சியாளரைக் காட்டுவதற்கு என்கிறது ஸ்காட்லாந்து!

2017 நவம்பரில் கிளைடு ஆற்றங்கரைக் கட்டுந்துறையில் 'கிளென் சானக்ஸ்' என்னும் பயணியர் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. முதலமைச்சர் வந்தார், கூட்டம் ஆர்ப்பரித்தது. கப்பலின் முகப்பில் மின்னிய சாளரங்களோ வெறும் கருஞ்சாயம்! கண்ணாடி வரவில்லை, விழாவுக்கு மட்டும் நாள் வந்துவிட்டது.

2018-இல் ஓடவேண்டிய கலம் அது. 2022-இல் உள்ளே ஆராய்ந்தால், முன்னரே இழுத்த மின்கம்பிகள் பல, சேரவேண்டிய கருவிக்கு எட்டவில்லை. அர்ரான் தீவு மக்களை அது ஏற்றிச் சென்றது 2025 சனவரியில். மார்ச்சிலேயே பற்றவைப்பில் மயிரிழை விரிசல் என்று நிறுத்தினார்கள்!

புதுக்கலத்தில் குறை வருவது இயல்பு, தோழர்களே. அதற்காகத்தானே உறுதி எழுதி வாங்குகிறோம்? இரு கப்பல்களுக்கு 9 கோடியே 70 இலட்சம் பவுண்டு என 2015-இல் பேசியபோது, பணம் முழுவதையும் திருப்பித்தரும் பிணையம் இல்லை. வாங்கும் நிறுவனம் அஞ்சி எச்சரித்தது. அமைச்சர்கள் 'ஆகட்டும்' என்றனர்! 2019-இல் கட்டுந்துறை நொடித்தது. அரசே அதை ஏற்றது. தொழிலாளர் பிழைத்தனர், அது நன்றே. ஆயின் வாங்குவதும் அரசின் நிறுவனம், கட்டுவதும் அரசின் நிறுவனம்! பழுதுக்கு ஈடு கேட்பது இடக்கை வலக்கையிடம் கடன் கேட்பதன்றோ?

செலவு முதல் விலையின் மூன்று மடங்கைக் கடந்தது. மிகுதி எந்தப் பையிலிருந்து வந்தது? வரி கொடுத்தவன் பையிலிருந்து! கலமின்றிக் கரையில் காத்துநின்றானே அர்ரான் தீவினன், அவன் பையும் அதில் ஒன்று.