ஒரு கூடை மண்ணும் ஒரு படமும்

2024 டிசம்பர் 1 மாலை. ஃபெஞ்சல் புயல் மழையில் ஊறிப்போன திருவண்ணாமலை தீபமலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை மூடின. உள்ளே ஏழு பேர், ஐவர் குழந்தைகள். யாரும் பிழைக்கவில்லை.

இப்படியான இடங்களில் கேமராவோடு நிற்பவரைப் பார்த்து யாராவது முணுமுணுக்காமல் இருப்பதில்லை: “ஒரு கூடை மண்ணு தூக்குறானா பாரு, போட்டோ எடுத்துட்டு நிக்கிறான்.” வ.உ.சி. நகரில் அந்தக் கோபம் எடுபடாது. ஈரச் சரிவில் பழக்கமில்லாத கால் ஒன்று ஏறினால் மேலும் மண் இறங்கும். தோண்டுவதற்குத் தேசிய பேரிடர் மீட்புப் படையினர் வந்திருந்தார்கள். டிசம்பர் 13 தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதியில்லை என்றானபோது, ஏன் என்பதை வெளியூர்க்காரருக்கு விளங்கவைத்தவை அங்கே எடுத்த படங்கள்தான்.

ஆனால் 2010 ஜனவரியை அவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. நெல்லை மாவட்டத்தில் எஸ்.ஐ. வெற்றிவேலை ஒரு கும்பல் வெட்டிச் சாய்த்தது. அவ்வழியே வந்த இரண்டு அமைச்சர்களின் கார் வரிசை நின்றது. ரத்தத்தில் கிடந்தவர் எழ முயல்கிறார், உதவி கேட்கிறார். சுற்றியிருப்பவர்கள் எட்டவே நிற்கிறார்கள். நாடே பார்த்த வீடியோ அது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் அவர் இறந்தார். கேமரா இல்லாதிருந்தால் அந்தத் தயக்கம் வெளியே தெரிந்திருக்காது, உண்மைதான். ஆனால் சாட்சிக்கு அரை நிமிடப் பதிவு போதாதா? அங்கே மீட்புப் படை இல்லை. நின்ற கைகள் மட்டுமே இருந்தன, அவற்றில் கேமரா பிடித்த கையும் ஒன்று.

படமெடுப்பது, உதவுவது இரண்டையும் செய்யலாம் என்பதற்கு 1972 ஜூன் 8-ஐச் சொல்வார்கள். வியட்நாமில் நாபாம் தீயில் வெந்த ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக்கைப் புகைப்படக்காரர் நிக் உட் தன் வண்டியில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தார். அன்று எடுத்த, உலகப் புகழ்பெற்ற அவளுடைய படத்தை எடுத்தவர் அவர்தானா என்றே 2025-இல் சர்ச்சை கிளம்பியது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு அவர் பெயரை நிறுத்திவைத்தது. அந்தச் சர்ச்சை படத்தைப் பற்றியது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைப் பற்றியது அல்ல.

வ.உ.சி. நகர் போன்ற இடத்தில் படக்காரர் செய்யக்கூடிய உதவி வேறு. ஸ்ட்ரெச்சரில் போர்வை விலகி ஒரு பிள்ளையின் முகம் தெரிகிறபோது, கேமராவைச் சற்றே தாழ்த்தி, தூக்கிச் செல்பவர்களின் சேறு படிந்த கால்களை எடுப்பது.