பொன்னாடையினும் பெரிது தமிழ்நூல்

பேராசிரியர் ஒருவர் பணிநிறைவு பெறும் நாளில் மாலையும் பொன்னாடையும் குவிகின்றன, வாழ்த்துரைகள் நீள்கின்றன, மறுநாட்காலை அப்பொன்னாடை பெட்டிக்குள் புகுந்து விடுகின்றது. மகளிரியல் என்னும் ஒரு துறையையே வளர்த்தெடுத்தவர்க்கு அவ்வளவுதானா சிறப்பு?

மகளிரியலை ஆங்கிலம் ஈன்ற குழந்தையென நினைப்பார் பலர். மும்பையில் தாக்கர்சி மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் அம்மையார் 1974-இல் மகளிர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார் என்பதும், கொடைக்கானலில் அன்னை தெரேசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இல் தோன்றியது என்பதும் உண்மையே. ஆனால், அவற்றிற்கெல்லாம் முன்பே, 1938 நவம்பர் 13-இல், சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடிற்று. இந்தித் திணிப்பை எதிர்த்த அம்மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார். ஈ.வெ.இராமசாமியார்க்குப் 'பெரியார்' என்னும் பெயரை வழங்கியதும் அதே மாநாடுதான். தமிழ்நாட்டில் பெண்ணுரிமையும் மொழியுரிமையும் ஒரே மேடையில் நின்றவை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வழியைக் கடலுக்கு அப்பாலும் காணலாம். ஈழத்துப் பேராசிரியர் சித்திரலேகா மௌனகுரு அம்மையார், யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டத்தின் வழியாக 1986-இல் 'சொல்லாத சேதிகள்' என்னும் பெண்பாற் பாவலர்தம் பாத்தொகுப்பைப் பதிப்பித்தார். போர் சூழ்ந்த மண்ணில், பெண்ணின் துயரம் தமிழிலேயே பேசப்பட்டது. பின்னர் மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய அவ்வம்மையார், பெண்ணிய ஆய்வுக்குத் தமிழ் போதும் என்பதைச் செய்தே காட்டினார். அவரைப் போன்றோர் பணிநிறைவு பெறுங்கால், அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதே தக்க சிறப்பாகும்.

தொடர்வதற்குரிய களம் தொலைவில் இல்லை. பாம்பன் கரைக்கு வருக! சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள், விரல்களில் துணி சுற்றிக் கொண்டு, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கின்றனர். மரிக்கொழுந்துப் பாசி எங்கு விளையும், எக்காற்றில் கடல் கலங்கும் என்பன அவர்க்குக் கைவந்த கல்வி. 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் உயிர்ப் பூங்காவாக்கப்பட்ட பின், அப்பெண்களின் பிழைப்பு இடருக்குள்ளாயிற்று. அவர்களோ சோர்ந்து விடவில்லை, ஒன்று கூடினர், திங்களுக்குப் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பதென்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக் கொண்டனர். அவர்களை வழிநடத்திய சின்னப்பாலத்து இலக்குமி அம்மையார்க்கு 2015-இல் அமெரிக்கத் தீவுக் காப்பு அமைப்பாகிய சீக்காலசி தன் பரிசினை வழங்கியது. பள்ளிப்படிப்பு வாய்க்காத பெண்ணை வெளிநாடு தேடிவந்து பாராட்டியது! அவர்தம் அறிவைத் தமிழில் முழுதாய்ப் பதிந்த நூல்கள் எத்தனை?

இராமநாதபுர மாவட்டக் கல்லூரிகள் இணைந்துள்ள காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும் மகளிரியல் துறை உண்டு. பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் இத்துறையின் ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. பாம்பன் பெண்ணின் வாழ்வை ஆராய்ந்தெழுதிய ஏட்டைப் பாம்பன் பெண்ணின் மகள் படித்தறிய இயலாதெனின், அவ்வாய்வு யாருக்காக? பெண்ணை அடுக்களையினின்று விடுவித்து, அயன்மொழிச் சிறையில் அடைப்பது விடுதலையாகாது.

எனவே, மகளிரியற் பேராசிரியர் ஒருவர் பணிநிறைவு பெறுந்தோறும், அவர் மாணவியர் விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கட்டும். அவர் ஆய்வுகளுள் சிறந்ததொன்றைத் தூய தமிழில் நூலாக்கட்டும். கடற்கரைப் பெண்கள் வழங்கும் பாசி, மீன், காற்று, நீரோட்டப் பெயர்களைத் தொகுத்து அகரவரிசை செய்யட்டும். வடசொல் தமிழ் அகரவரிசை கண்ட நீலாம்பிகையாரின் வழியும் அதுவே.

பொன்னாடையின் நூல் நைந்து போகும். தமிழில் எழுதிய நூலோ நிலைத்து நிற்கும்!