'கிருமி இல்லை' என்ற சீட்டு

பிம்ப்ரி, போசரி, சிஞ்ச்வட் பட்டறைகளில் பாடுபடும் தமிழர்கள் பலர், வாரக்கணக்கில் இருமல் நின்றபாடில்லை என்றால்தான் சளியைச் சோதிக்கக் கொடுக்கிறார்கள். 'கிருமி இல்லை' என்று சீட்டு வந்ததும் மருந்துக் கடையில் இருமல் டானிக் வாங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சீட்டு எந்தச் சோதனையின் முடிவு என்று கேட்பவர் அரிது. கேட்டே தீர வேண்டும்.

கண்ணாடிச் சில்லில் சளியைத் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது பழைய முறை. காச நோய்க் கிருமியை ராபர்ட் காக் 1882-ல் கண்டு சொன்ன காலந்தொட்டு அடிப்படை மாறவில்லை. செலவு குறைவு, ஆனால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணுக்குச் சிக்கும். நோய் முற்றாதவருக்கு அவ்வளவு இராது. ஆகவே அவருக்குக் கிடைப்பது 'இல்லை' என்ற சீட்டு; அவரோடு ஒரே அறையில் படுக்கும் பத்துப் பேருக்குக் கிடைப்பது நோய்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் 'கல்ச்சர்' சோதனை மிகக் கூர்மையானது. நூறுக்குக் குறைவாக இருந்தாலும் காட்டிவிடும். ஆனால் முடிவு வர எட்டு வாரம்கூட ஆகலாம். தினக்கூலிக்காரர் அதுவரை எங்கே இருப்பார்?

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே கிருமியின் மரபணுவைத் தேடும் கருவி. 'சி.பி.நாட்' என்று நம் ஆஸ்பத்திரிகளில் சொல்லப்படும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2010-ல் ஏற்றது. இந்தியாவில் உருவான 'ட்ரூநாட்' 2020-ல் ஏற்கப்பட்டது. ஓரிரு மணி நேரத்தில் முடிவு தெரியும். ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி மசியுமா என்பதையும் கண்டறியலாம். மைக்ராஸ்கோப்பில் தப்பிய நோயாளிகள் மூவரில் சுமார் இருவரை சி.பி.நாட் பிடித்ததாக ஆய்வுகள் காட்டின. மூன்றாமவர் அதிலும் தப்பினார் என்பதையும் மறக்கலாகாது. இருமல் தொடர்ந்தால் மறுபடி டாக்டரிடம் போகத்தான் வேண்டும்.

அதற்காக மைக்ராஸ்கோப்பைப் பரணில் போட முடியாது. செத்த கிருமியின் மரபணுவையும் கருவி காட்டிவிடும். எனவே மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கப் பழைய முறையும் கல்ச்சருமே உதவுகின்றன. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடிக் காச நோயைச் சொல்வதாக ஒரு காலத்தில் விற்ற சோதனைகளோ 2012-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. யாரேனும் அதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

கருவி எதுவானாலும், டப்பியில் விழுவது சளியாக இருக்க வேண்டும். மராத்தியில் 'துங்கி' என்கிறார்கள். அச்சொல் எச்சிலையும் குறிக்கும். கேட்டவர் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டால் எந்த லாபரட்டரி என்ன செய்யும்? காலையில் வாய் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். இதைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிச் சுவரில் ஒட்ட மாநகராட்சிக்குப் பெரிய செலவு ஆகிவிடாது.

சோதனைக்கே அஞ்சுகிறவர்களும் உண்டு. வேலை போகும், அறையை விட்டு விரட்டுவார்கள் என்ற பயம். நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950-களின் இறுதியிலேயே நிரூபித்தது நம் சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான். 1954-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் தொழிற்சாலை, காச நோய்க்கு முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைத் தயாரித்ததும் இதே பிம்ப்ரியில்தான்.

இன்று அரசுத் திட்டத்தில் கருவிச் சோதனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை. சளி கொடுக்கும்போதே, "மெஷினில் பார்ப்பீர்களா, கண்ணாடியிலா?" என்று கேளுங்கள். கண்ணாடி மட்டும் என்றால், மெஷினுக்கு எழுதித் தரும்படி டாக்டரிடம் சொல்லுங்கள்.