திரைக்குப் பின்னே நிற்போர்
மார்கழி விழாவின் நாட்டிய நிகழ்ச்சிகளைச் சென்னை சபாக்கள் அறிவிக்கும் இவ்வேளையில், மேடையேறாமல் அக்கலையைத் தாங்குவோரின் பெயரும் ஊதியமும் உறுதிசெய்யப்பட வேண்டும். ஒன்றரை மணி நேரப் பரதநாட்டியக் கச்சேரிக்குப் பின்னால் ஒப்பனையாளர், தையல் கலைஞர், ஒளியமைப்பாளர், ஒலியமைப்பாளர், கோயில் நகை செய்யும் வடசேரிக் கைவினைஞர் எனப் பலரின் உழைப்பு இருக்கிறது. உடையின் விசிறி மடிப்பு சரியாக விழாவிட்டால் அரைமண்டி நிலையின் அழகே குலையும். ஒளி தவறினால் அபிநயம் இருளில் கரையும். 1936இல் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி, உடையையும் ஒளியையும் நாட்டியத்தின் அங்கமாகவே கருதினார். இன்றோ திரைக்குப் பின்னே உழைக்கும் இவர்களில் பலருக்கு வாய்மொழி உறுதியே ஒப்பந்தம். பருவம் முடிந்தால் வருவாயும் முடிகிறது. சபா தரும் சன்மானம் போதாமல் தம் கைப்பணத்தைச் செலவிடும் நடனமணிகள் மீதே இவர்களது ஊதியத்தின் முழுச் சுமையையும் ஏற்றுவது முறையன்று. சபாக்களும் புரவலர்களும் அதில் பங்கேற்க வேண்டும். அழைப்பிதழில் பெயர், முன்கூட்டிய எழுத்து ஒப்பந்தம், நிகழ்ச்சி முடிந்த அன்றே ஊதியம் ஆகிய மூன்றும் இவ்வாண்டே நடைமுறைக்கு வரட்டும். அரசு இசைக் கல்லூரிகளில் மேடை நுட்பம் முழுநேரப் பாடமாகட்டும். கலைஞர் நலத்திட்டங்கள் இவர்களையும் கலைஞர்களாகவே ஏற்கட்டும். சலங்கைக்குக் கிடைக்கும் கைதட்டலில் இவர்களுக்கும் பங்குண்டு. அது சலுகையன்று, உரிமை.