கலரை அணைக்க வழி விடுங்கள்



இது சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் மாணவர்களுக்கான பதிவு. மற்றவர்களும் படிக்கலாம். டெர்மினல் என்றால் வேறொன்றுமில்லை, சினிமாவில் ஹேக்கர் படபடவென்று தட்டுவானே, அந்தக் கறுப்புத் திரைதான்.

அதில் எல்எஸ் என்று அடித்தால் பல கணினிகளில் ஃபோல்டர் பெயர்கள் அடர்நீலத்தில் வருகின்றன. கறுப்பின் மேல் அடர்நீலம்! கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் எழுதினால் "சார், தெரியலை" என்று கடைசி பெஞ்சிலிருந்து கத்தியவர்கள் நீங்கள்தானே? நானாவது கலர்=நெவர் என்று சேர்த்து அடித்துத் தப்பித்துக்கொள்வேன்.

என் கவலை வேறு. உங்களோடு படித்த ஒருவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. லேபில் பக்கத்துப் பையனிடம் மெதுவாகக் கேட்டுக்கொள்வான். இன்று நல்ல வேலையில் இருக்கிறான். ஆபீஸில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அங்கே டெஸ்ட் ஓடினால் தேறியதற்குப் பச்சைப் புள்ளி, தவறியதற்குச் சிவப்புப் புள்ளி. ஒரு வார்த்தை கிடையாது. அவன் என்ன செய்வான்? ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு. உங்கள் ப்ரோகிராமை உலகம் முழுக்கத்தானே விற்கிறீர்கள்?

கிட் மென்பொருளைப் பாருங்கள். சேர்த்த வரி பச்சை, நீக்கிய வரி சிவப்பு. ஆனால் வரியின் தொடக்கத்திலேயே கூட்டல், கழித்தல் குறி இருக்கும். கலரை எடுத்துவிட்டாலும் பொருள் கெடாது.

"கலர் இருந்தால் பிழை சட்டென்று கண்ணில் படும் சார்" என்பீர்கள். படட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? வேண்டாம் என்பவர் பேச்சையும் கேளுங்கள் என்கிறேன். அதற்கு 2017-இல் ஒரு பொது வழக்கமே வந்துவிட்டது. நோ கலர் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் (பெரிய எழுத்து, நடுவில் அண்டர்ஸ்கோர்) ஏதாவது ஒரு மதிப்பு இருந்தால், ப்ரோகிராம் கலர் சேர்க்கக் கூடாது. அவ்வளவுதான். நாலு வரி கோட்.

அப்படியே, வெளியீடு டெர்மினலுக்குப் போகிறதா, ஃபைலுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் லாக் ஃபைல் முழுக்க எஸ்கேப், 31, எம் என்று குப்பைதான்.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் உங்கள் ப்ரோகிராமை நோ கலர் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள்.