வைத்தியராக விரும்பும் வன்னிப் பிள்ளையும் மாவட்டக் கணக்கும்

"தம்பி, பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப் படிப்பிக்கிறதோ, இஞ்சையே வைச்சிருக்கிறதோ? ஒருத்தரும் வடிவாச் சொல்லுகினமில்லை."

முல்லைத்தீவு மாவட்டத்தின் கிராமமொன்றில் தையல் வேலை செய்து குடும்பத்தைக் கொண்டு நடத்தும் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, 2009இல் தந்தை காணாமல் ஆக்கப்பட்டார். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு பெற்ற அந்த மகள் இப்போது உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சேர நிற்கிறார். வைத்தியராக வேண்டும் என்பது அவரது விருப்பம்.

இலங்கையின் அரச மருத்துவ பீடங்களில் படிப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கு போய்ச் சேர்வதற்கு முந்திய இரண்டு மூன்று ஆண்டுகள் இலவசமாக இல்லை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களுக்கும் ரியூசன், போக்குவரத்து, நகரத்தில் தங்கினால் விடுதிச் செலவு என்பவை தினக்கூலியில் வாழும் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. வன்னியின் பல கிராமப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. இருக்கும் இடங்களிலும் பௌதிகவியலுக்கு நிரந்தர ஆசிரியர் கிடைப்பது அரிது.

பலரும் "எங்களுக்கு மாவட்டக் கோட்டா இருக்குத்தானே" என்கிறார்கள். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் தகுதி அடிப்படையிலும், 55 வீதமானவை மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதமானவை பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. எழுபதுகளில் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாணத்தில் பெருங்காயமாக உணரப்பட்டன. அதே மாவட்ட ஒதுக்கீடுதான் இன்று வன்னிப் பிள்ளைக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆனால் அந்தக் கதவு ஒடுங்கியது. 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவின் சனத்தொகை சுமார் 92 ஆயிரம். அது நாட்டின் சனத்தொகையில் அரை வீதமும் இல்லை. இறந்தவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் நாட்டை விட்டுப் போனவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. போர் சனத்தைக் குறைத்தது. குறைந்த சனத்தொகைக்கு ஏற்ப இடங்களும் குறைகின்றன. மருத்துவத்துக்கு இந்த மாவட்டத்துக்குக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களே. 5 வீத ஒதுக்கீடு இதை ஓரளவே ஈடுசெய்கிறது.

அந்தத் தாயின் கேள்விக்கான பதிலும் இந்த விதிகளுக்குள்தான் இருக்கிறது. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதே, அவர் எந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளிக்குள் வருவார் என்பதற்கான முக்கிய அளவுகோல். நல்ல ரியூசனைத் தேடிப் பாடசாலையை மாற்றும் குடும்பங்களில் பல இதை யோசிப்பதில்லை. எனவே விடுகைப் பத்திரம் எடுக்க முன்னர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பார்த்து, சந்தேகம் இருந்தால் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுத் தெளிய வேண்டும். சொந்த மாவட்டப் பாடசாலையில் இருந்துகொண்டே வார இறுதியிலும் விடுமுறையிலும் வெளியே போய்ப் படிப்பது பல பிள்ளைகளுக்குப் பொருந்தக்கூடிய வழி.

அடுத்தது, மருத்துவம் கிடைக்காவிட்டால் என்ன என்ற பேச்சு. ஆண்டுதோறும் உயர்தரத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் மூன்று இலட்சம் அளவில் இருக்க, அரச பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்கள் சுமார் 40 ஆயிரம் பேர்தான். மூன்று தடவைகள் தோற்றலாம் என்பதால் சில பிள்ளைகளின் 18 முதல் 21 வரையான வயது முழுவதும் ஒரே பரீட்சையில் கழிகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய பட்டப்படிப்புகள் உள்ளன. அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிகளும் உள்ளன. எங்கள் வைத்தியசாலைகளுக்கு இவர்கள் எல்லோரும் தேவை. இதைப் பெறுபேறு வந்தபின் ஆறுதலாகச் சொன்னால் பிள்ளைக்கு அது தோல்வியாகவே கேட்கும். படிப்புத் தொடங்கும்போதே, விருப்பத்தைக் குறைக்காமல், பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கற்கைநெறிகளை எந்த ஒழுங்கில் இடுவது என்ற முடிவும் அப்போது பதற்றமின்றி எடுக்கப்படும்.

மூன்றாவது விடயம் சமூகத்துக்கானது. பெறுபேறு வெளியானதும் 3ஏ எடுத்தவர்களின் படங்களோடு சந்திகளில் பதாகைகள் எழுகின்றன. கௌரவிப்பு விழாக்கள் நடக்கின்றன. புலம்பெயர் உறவுகளின் பணத்தில் ஒரு பகுதி இவற்றுக்கே போகிறது. வென்ற பிள்ளைக்கு மாலை போடுவதில் பிழையில்லை. ஆனால் அதே பணத்தில் ஒரு கோட்டத்துக்கு ஒரு பௌதிகவியல் ஆசிரியரை இரண்டு ஆண்டுகளுக்கு அமர்த்தினால், மாலைப் பேருந்தைத் தவறவிடும் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வாகன ஒழுங்கு செய்தால், பதாகையில் வராத இருபது முப்பது பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும். அரசு செய்ய வேண்டிய வேலைதான் இது. ஆசிரியர் நியமனத்தை மாகாணக் கல்வி அமைச்சிடம் தொடர்ந்து கேட்டுக்கொண்டே இதையும் செய்யலாம். பிள்ளையின் இரண்டு ஆண்டுகள் நியமனக் கடிதத்துக்காகக் காத்திருக்கப் போவதில்லை.

அந்தத் தாயிடம் கைநூலில் உள்ளதை விளக்கினேன். மகளும் பக்கத்தில் இருந்து கேட்டார். "அப்ப நான் இஞ்சை இருந்தே படிக்கிறன் அம்மா, பிசிக்சுக்கு மட்டும் ஒரு ஆளைப் பாருங்கோ" என்றார்.

அந்த ஆளைத் தேடிக்கொடுக்கும் பொறுப்பு அந்தத் தாய்க்கு மட்டும் உரியதல்ல.