தராசு எங்கள் கரைக்கு வரட்டும்

மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை ஆணையர் அவர்களுக்கு,

காலடிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். 1717 முதல் 1720 வரை மதராஸ் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் இது. அவர் பெயர்தான் எங்கள் வாயில் காலடி ஆகிவிட்டது. தறிகள் போய்விட்டன. இப்போது கரைக்குப் போனால் கண்ணில் படுகிற நூல், கருங்கல் இடுக்கில் மாட்டிக்கிடக்கும் தங்கூசி வலைதான்.

சென்னைத் துறைமுகம் வந்தபின் அதற்கு வடக்கே மணல் வரத்து குறைந்து கடல் எங்கள் கரையைத் தின்றது. கல்லைக் கொட்டித்தான் ஊரைக் காத்தார்கள். கல்லில் ஏறி முட்டையிட பங்குனி ஆமையால் ஆகுமா? இங்கே அது செத்துத்தான் ஒதுங்குகிறது. 2025 ஜனவரியில் சென்னையையொட்டிய கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின. அவற்றில் பெரும்பாலானவை இழுவைமடியில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தவை. அந்தப் பழியைக் கழித்துப் போட்ட வலைக் குப்பைமேல் போட மாட்டேன். ஐந்து கடல் மைலுக்குள் இழுவைமடி கூடாது என்ற சட்டம் தங்கள் கையில் இருக்கிறது.

நான் கேட்பது இன்னொன்று. ஆமை தண்ணீருக்கு மேலே வந்துதான் மூச்சு வாங்க வேண்டும். இழுக்கிற வலையானாலும் அறுந்து மிதக்கிற வலையானாலும் அதற்கு ஒன்றுதான். கல்லிடுக்கு வலையை அடுத்த பெரிய அலை பிடுங்கிப் போகும். நைலான் மக்காது, ஆளில்லாமலே மீனும் நண்டும் பிடித்துக்கொண்டிருக்கும். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. வலையை அப்படித் தடுக்க முடியாது, அது சோறு.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கழித்த வலையை எடைக்கு வாங்க ஏற்பாடு செய்தது நல்ல காரியம். ஆனால் இங்கிருந்து ஃபைபர் படகுக்காரர் நாறும் வலையைச் சுமந்து அங்கே போவாரா? எந்த ஷேர் ஆட்டோ ஏற்றும்? மணலும் பாசியும் ஒட்டியதைக் காயலான் கடையில்கூடச் சீந்துவதில்லை. வாரம் ஒரு நாள் ஒரு வண்டி, ஒரு தராசு, கையோடு காசு. யார் வலை, எங்கே அறுந்தது என்ற கேள்வி வேண்டாம். கேட்டால் ஒருவரும் வரமாட்டார். கொல்லம் சக்திகுளங்கரையில் 2017 முதல் படகுகள் கடல் பிளாஸ்டிக்கைக் கரைக்குக் கொண்டுவந்தன. பெண்கள் தரம் பிரிக்க, அது தூளாகிச் சாலைக்குப் போனது. நம்மால் ஆகாததா?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்கள் தெருப் பையன்கள் லாஞ்சிலிருந்து இறங்கி வலை பழுதுபார்க்கும் நாட்கள் அவை. கழிவு வலை அப்போதுதான் அதிகம் விழும். முதல் வண்டியைத் தடைக்காலத்தின் முதல் வாரமே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காலடிப்பேட்டைவாசி ஒருவர்